காவிரி டெல்டாவை மேலிருந்து பார்க்க: பாறையா, விமானமா, டிரோனா, செயற்கைக்கோளா?

டெல்டாவை மேலிருந்து பார்க்க என்ன வழி என்று கேட்பவர்களில் பாதிப் பேர் விடையை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். டிரோன் வாங்குவது உறுதி. எந்த டிரோன் என்பதே அவர்களுடைய கேள்வி. மீதிப் பேர் நிஜமாகவே குழம்பியிருக்கிறார்கள்: மாணவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் புவியியல் ஆசிரியர், தன் ஊர் வழியாக ஒரு காலத்தில் ஆறு ஓடியதா என்று அறிய விரும்பும் நிலக்காரர், நல்ல படம் தேடும் புகைப்படக்காரர். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களில் பெரும்பாலோருக்கு டிரோன் கடைசி இடம்தான்.

காரணம் நிலத்திலேயே இருக்கிறது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலும், கும்பகோணம் ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட முழுதாக இறங்காத தரை. பள்ளத்தாக்கும் சிகரமும் உள்ள நாட்டில் ஒரு மேட்டில் ஏறி நின்றாலே நிலத்தின் கதை விரிந்துவிடும். இங்கே கதை முழுவதும் படுத்துக் கிடக்கிறது. டெல்டாவுக்குள் ஏறுவதற்கு இயற்கையான மலையே இல்லை. சுவாமிமலை மனிதர் எழுப்பிய கட்டுமலை, அறுபது ஆண்டுகளின் கணக்கில் அறுபது படிகள்.

## எதை வைத்து அளப்பது

உயரம் அளவுகோல் அல்ல, கோணம்தான் அளவுகோல். திருச்சி மலைக்கோட்டையின் 83 மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கணக்குப்படி அவ்வளவு தூரமும் கண்ணுக்குள் அடங்க வேண்டும். ஆனால் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலத்தை அந்த உயரத்திலிருந்து அரை பாகைக்கும் குறைவான சாய்வில்தான் பார்க்கிறோம். ஆற்றின் வளைவு, மணல்திட்டின் வடிவம், வாய்க்கால் பிரியும் இடம் எல்லாம் ஒரே கோடாக நசுங்கிவிடும். தென்னந்தோப்பு ஒன்று குறுக்கே வந்தால் அதுவும் இல்லை.

இரண்டாவது, பரப்பும் நுணுக்கமும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. வெண்ணாறும் காவிரியும் பிரிந்து பிரிந்து போகும் முழு வலையும் வேண்டுமா, உங்கள் மதகுக்குப் பக்கத்தில் கரை எப்படி அரிக்கிறது என்று தெரிய வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, காலம். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஏப்ரலில் கொள்ளிடம் மணல்வெளி. நவம்பரில் அதே இடத்தில் நுங்கும் நுரையுமாய்த் தண்ணீர். எந்த மாதத்தில் பார்க்கிறோம், பின்னோக்கிப் பார்க்க வழி இருக்கிறதா என்பது டெல்டாவைப் பொறுத்தவரை உயரத்தைவிட முக்கியமானது.

நான்காவது செலவு. கையிலிருந்து போவதும், போன பிறகு தெரியவருவதும்.

## மலைக்கோட்டை

எதற்கு நல்லது: டெல்டா எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்பதை உடம்பால் உணர.

திருச்சியின் நடுவில் நிற்கும் இந்தப் பாறை கடினமான பழம்பாறை. சுற்றியிருந்தவை காலப்போக்கில் தேய்ந்து போக, தேயாமல் எஞ்சியது. உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மேலே போய் வடக்கே திரும்பினால் முதலில் காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம் தீவு, 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம்.

இரண்டு ஆறுகளையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. மேற்கே முக்கொம்பில் பிரியும் இவை கிழக்கே கல்லணை அருகே மறுபடியும் தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வானது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணையின் வேலை, காவிரி கொள்ளிடத்துக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணலேறிக் கிடந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியது அதனால்தான். 2018 ஆகஸ்டில் அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆறு எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்பது மறுபடியும் தெரிந்தது. இத்தனையையும் வகுப்பறைப் பலகையில் வரைந்து விளக்குவதைவிட, மாணவனைப் பாறையில் நிறுத்திக் கை நீட்டிக் காட்டுவது எளிது.

மறைசெலவு: செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், கோடையில் பகல் பதினொன்றுக்கு மேல் பாறை காலைச் சுடும். அதைவிடப் பெரிய செலவு, கிழக்கே எதுவும் தெரியாது என்பது. கல்லணை தொடுவானத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன கோணக் கணக்கு அதை விழுங்கிவிடும். டெல்டாவின் வாசல் மட்டுமே இங்கிருந்து தெரியும். திருச்சிக்கு மேற்கே குளித்தலைப் பக்கம் ஐயர்மலைக்குப் போனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும் இன்னும் அகலமான காட்சியும் உண்டு; ஆனால் அது டெல்டாவிலிருந்து விலகிச் செல்லும் திசை.

எப்போது இதுவே சரி: குழந்தைகளோடு போகும்போது, காசு இல்லாதபோது, முதல் முறை பார்க்கும்போது.

## விமானத்தின் ஜன்னல்

எதற்கு நல்லது: ஒரு பருவத்தின் டெல்டாவை அதன் நிறங்களோடு ஒரே மூச்சில் பார்க்க.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகல் விமானத்தில் வந்தால் இடது பக்க ஜன்னல்; திரும்பிப் போகும்போது வலது பக்கம். டெல்டாவும் கடலும் அந்தப் பக்கம்தான். இந்த வழியில் சிறிய ஏ.டி.ஆர். விமானம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகவும் பறக்கும். இயந்திரம் மறைக்காத பின்வரிசையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெளிறிய குழிகளாகத் தெரிந்தால், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் அடித்தளத்தைப் பார்க்கிறீர்கள். இப்போது அது சிமெண்டாகிக் கொண்டிருக்கிறது. அடுத்து வரும் அகலமான மணல்பட்டை கொள்ளிடம். அதற்குத் தெற்கே நிறமே மாறிவிடும். பச்சை வயல்களுக்கு நடுவே அடர்ந்த மரக்கோடுகள் கிழக்கு நோக்கி விரியும். ஒவ்வொரு மரக்கோடும் ஒரு ஆறு அல்லது பழைய ஆறு. வெள்ளம் கரை தாண்டும்போதெல்லாம் கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் போகும். அதனால் கரைதான் இங்கே மேடு. ஊரும் தென்னையும் மூங்கிலும் வாழையும் அந்த மேட்டில் ஏறிக்கொண்டன, நெல் நடுப்பள்ளத்தை எடுத்துக்கொண்டது. பெருமழையில் தண்ணீர் வடியாமல் நிற்பதும் அந்த நடுப்பள்ளத்தில்தான்.

இன்னொன்றையும் மேலிருந்துதான் நம்ப முடியும்: காவிரி கடலை நோக்கிப் போகப் போக ஒடுங்குகிறது. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுப் பூம்புகாருக்கு வரும்போது அது ஒரு வாய்க்கால் அளவுதான். கடல்வரை அகலம் குறையாமல் போவது கொள்ளிடம்.

மறைசெலவு: எல்லாம் சில நிமிடங்கள். பனிமூட்டம், மேகம், கண்ணாடியின் கீறல், பக்கத்து இருக்கைக்காரர் தூங்குவதற்காக இழுத்து மூடிய திரை, எதுவும் உங்கள் கையில் இல்லை. கட்டணமும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சிக்குப் பகலில் வருபவர்களுக்கு நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரை தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் பறக்கும் பாதை ஒவ்வொரு நாளும் ஒன்றுபோல் இருக்காது. காட்சிக்காக மட்டும் டிக்கெட் எடுப்பது வீண். எப்படியும் போகப் போகிறீர்கள் என்றால் இருக்கையை யோசித்து எடுங்கள்.

எப்போது இதுவே சரி: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து வானம் தெளிந்திருக்கும்போது. தண்ணீரும் பசுமையும் வேண்டுமென்றால் குறுவை நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பர்.

## டிரோன்

எதற்கு நல்லது: ஒரு கரை, ஒரு மதகு, ஒரு திட்டு.

சாதாரணமாக அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் டிரோன் ஏறக்கூடிய உச்சம் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். மலைக்கோட்டையைவிட 37 மீட்டர்தான் கூடுதல். அந்த உயரத்திலிருந்து நேர் கீழாக எடுத்த ஒரு படத்தில், கேமராவைப் பொறுத்து, ஏறத்தாழ ஐந்து ஏக்கர் அடங்கும். ஒரு வேலி நிலம்கூட (ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) முழுதாக வராது. ஆற்று வலையைப் பார்க்க நினைப்பவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஐந்து ஏக்கரில் சில சென்டிமீட்டர் அளவுள்ளது வரை தெரியும். கொள்ளிடக் கரையில் மணல் அள்ளிய குழி எவ்வளவு அகலம், போன வெள்ளத்தில் திட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது, கரையின் அரிப்பு எந்தப் படிவில் தொடங்குகிறது போன்றவற்றுக்கு இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஒரே இடத்தை வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுபவருக்குப் போட்ட காசு திரும்பி வரும்.

மறைசெலவு: இதில்தான் அதிகம். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டவை பதிவு செய்யப்பட்டுத் தனி எண் பெற வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டில் முழுதாகத் தயாரான டிரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. சிங்கப்பூர் மாமா வாங்கி வருவார் என்ற திட்டம் விமான நிலையத்திலேயே முடிந்துவிடும்.

அடுத்தது இடம். திருச்சியில் பன்னாட்டு விமான நிலையம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் நிற்கும் தளம். இரண்டையும் சுற்றிப் பல கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு. கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு போன்ற இடங்களில் வனத்துறையிடமும், பெரிய கோயில், தாராசுரம் போன்றவற்றில் தொல்லியல் துறையிடமும் கேட்க வேண்டும். ஆக டெல்டாவில் எல்லாரும் படமெடுக்க விரும்பும் இடங்கள் பெரும்பாலும் கேட்டுவிட்டுப் பறக்க வேண்டியவை. பறப்பதற்கு முன் அரசின் டிரோன் வரைபடத்தை அன்றே பார்ப்பது நல்லது, மண்டலங்கள் மாறக்கூடியவை.

கடற்கரையில் காற்று வேறு. அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பேட்டரி, எதிர்க்காற்றில் அவ்வளவு தாங்காது.

எப்போது இதுவே சரி: உங்கள் கேள்வி ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றியதாக இருந்து, அங்கே மறுபடியும் மறுபடியும் போகப்போகிறீர்கள் என்றால். ஒரே ஒரு தடவைதான் என்றால் பதிவு, காப்பீடு, விமானிச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கும் தொழில்முறை ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள்.

## செயற்கைக்கோள் படம்

எதற்கு நல்லது: மற்ற மூன்றும் காட்டாதவற்றுக்கு. பட்டியல் நீளம்.

காசு இல்லை என்பது முதல் செய்தி. கூகுள் எர்த், இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன், ஐரோப்பாவின் சென்டினல், அமெரிக்காவின் லேண்ட்சாட் ஆகியவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியது. ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட டெல்டா அதில் இருக்கிறது. சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களைக் கொண்டு ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது. அதன் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) பத்து மீட்டர் சதுரம். நம் கணக்கில் சொன்னால் இரண்டரை சென்ட். ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பதின்மூன்று கட்டம் விழும். வயல் தெரியும், வரப்பு தெரியாது. ஆறு தெரியும், கிளை வாய்க்கால் தெரியாது. வரப்பும் வாய்க்காலும் வேண்டுமானால் கூகுள் எர்த்துக்குப் போக வேண்டும்.

நிலவியல் பார்க்க விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் வேதாரண்யம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இறங்கிக் கோடியக்கரை வரை படத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெளிறிய மணல்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, வளைந்து வளைந்து போகும். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. கடல் விலக விலக, அலை ஒதுக்கிய மணல் புதுப்புது வரியாக நின்றுவிட்டது. வரியின் மேல் ஊர், சவுக்கு, தென்னை. இரண்டு வரிக்கு நடுவே பள்ளத்தில் வயல். அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போனால் மேடு ஏறியதே தெரியாது. கோடியக்கரையில் உயர்ந்த இடம் என்று காட்டப்படும் ராமர் பாதமே தரையிலிருந்து சில மீட்டர்தான். விமானத்தில் பார்த்தாலும் சாய்கோணத்தில் வரிகள் கலைந்துவிடும். நேர் மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மட்டுமே இது வசப்படும்.

பழைய ஆறுகளையும் இப்படியே தேடலாம். மயிலாடுதுறைப் பக்கம் பழங்காவிரி என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. பெயர் போன இடங்களும் உண்டு. அறுவடைக்குப் பிறகு, நிலம் வெறுமையாகக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் படங்களை எடுங்கள். மணல் நிரம்பிய பழைய தடம் சீக்கிரம் காய்ந்து வெளிறித் தெரியும். களி படிந்த தடம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கருக்கும். வயல்களின் சதுரத்துக்குள் பொருந்தாமல் ஒரு வளைவு குறுக்கே ஓடினால் அங்கே நிறுத்திப் பாருங்கள். ஆறு போட்ட கோடு வளையும். பொறியாளர் போட்ட கோடு வேறு மாதிரி. 1934-இல் மேட்டூரோடு வந்த கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர்க்காரர்களின் புது ஆறு, பழைய டெல்டாவின் வலையோடு ஒட்டாமல் வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெற்கே போவதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

காலத்தில் பின்னோக்கிப் போகும் வசதி இன்னொரு பலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது; அதற்கு முந்தைய மாதத்துப் படத்தையும் பிந்தைய மாதத்துப் படத்தையும் அருகருகே வைத்துப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைப் பாருங்கள். கடலோரத்தில் வயலும் தரிசும் இருந்த இடங்கள் இறால் குட்டைகளாக மாறிய விதம் தொண்ணூறுகளுக்கு முன்னும் பின்னுமான லேண்ட்சாட் படங்களில் கிடைக்கும். வேதாரண்யம் உப்பளங்கள் எப்போதும் வெண்மையான கட்டங்களாக அடையாளம் சொல்லும்.

மறைசெலவு: பணம் இல்லை, கற்றுக்கொள்ளும் நேரமும், தவறாகப் படித்துவிடும் ஆபத்தும்தான். கூகுள் எர்த்தின் படம் பல நாட்களின் ஒட்டுவேலை. ஒரே ஆறு பாதி வறண்டும் பாதி நிரம்பியும் இருந்தால் அது அதிசயமல்ல, இரண்டு தேதிகள். எனவே தேதியைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் எல்லாவற்றையும் மூடிவிடும். டெல்டாவுக்கு மிக முக்கியமான நாட்கள் அவைதான். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படம் அப்போது கைகொடுக்கும். தண்ணீர் அதில் கறுப்பாக விழும். ஆனால் நடவுக்குத் தேக்கிய தண்ணீரும் கறுப்பு, வெள்ளமும் கறுப்பு. நடவு எந்த வாரம் நடந்தது என்று தெரியாதவர், டெல்டா முழுவதும் மூழ்கியதாக அறிக்கை எழுதிவிடுவார்.

உயரத் தரவுக்கும் எச்சரிக்கை வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரப்படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தரைக்குப் பதில் மர உச்சி பதிவான இடங்கள் உண்டு. சமவெளியில் தென்னந்தோப்பு ஒரு குன்றுபோல் தலைதூக்கும். ஓரிரு மீட்டர் வித்தியாசத்தில் வெள்ளம் யார் வீட்டுக்குள் போகும் என்று தீர்மானமாகும் ஊரில், இந்தப் பிழை சின்னதல்ல.

எப்போது இதுவே சரி: நிலம் எப்படி உருவானது, எப்படி மாறியது என்பது கேள்வியாக இருக்கும்போதெல்லாம்.

## ஒரு பார்வையில்

| | மலைக்கோட்டை | விமான ஜன்னல் | டிரோன் | செயற்கைக்கோள் |
|---|---|---|---|---|
| கோணம் | மிகச் சாய்வு | சாய்வு | நேர் கீழும் முடியும் | நேர் கீழ் |
| பரப்பு | டெல்டாவின் தலை | பெரும்பகுதி | சில ஏக்கர் | முழுவதும் |
| நுணுக்கம் | அருகில் மட்டும் | நடுத்தரம் | சென்டிமீட்டர் | கூகுள் எர்த்தில் வரப்பு வரை. சென்டினலில் 10 மீட்டர் |
| பழைய காலம் | இல்லை | இல்லை | நீங்கள் எடுத்தது மட்டும் | 1972 முதல் |
| செலவு | மிகக் குறைவு | டிக்கெட் | அதிகம் | இல்லை |
| சிக்கல் | வெயில், மங்கல் | மேகம், அதிர்ஷ்டம் | அனுமதி, காற்று | மேகம், தவறான வாசிப்பு |

## யாருக்கு எது

ஆசிரியருக்கு: முதல் நாள் வகுப்பில் கூகுள் எர்த், அடுத்த நாள் காலையில் மலைக்கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் கல்லணை. படத்தில் பார்த்ததைப் பாறையிலிருந்து தேடவிட்டு, பிறகு தண்ணீர் பிரியும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பாடம் தானாக நடக்கும். வரிசையை மாற்றினால் பாறையில் பிள்ளைகள் செல்ஃபிதான் எடுப்பார்கள்.

நிலக்காரருக்கு: கோடைப் படங்கள் போதும். பழைய தடம் உங்கள் நிலத்தில் ஓடுவதுபோல் தெரிந்தாலும் அதை நம்பி ஆழ்துளைக் கிணறு போட்டுவிட வேண்டாம். மேலிருந்து தெரிவது மேல்தோல்தான். அடியில் எத்தனை அடி மணல், எங்கே களி, எங்கே உப்புநீர் என்பதைப் பக்கத்துக் கிணறுகளும் நிலத்தடி நீர் ஆய்வும்தான் சொல்லும். கடலோர வட்டங்களில் இது இன்னும் கட்டாயம்.

புகைப்படக்காரருக்கு: ஜன்னல் இருக்கை; தஞ்சாவூர், திருச்சி கட்டுப்பாட்டு வட்டங்களுக்கு வெளியே என்றால் டிரோன். அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் மணல்திட்டுகள், கோடைக் காலைச் சாய்வெயிலில், அலைந்து பார்க்கத் தக்கவை. அங்கேயும் மண்டலத்தைச் சரிபார்த்த பிறகுதான்.

டிரோனை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு ஒரு யோசனை. பறக்கவிடப் போகும் இடத்தின் கடந்த ஐந்து ஆண்டுப் படங்களை முதலில் கூகுள் எர்த்தில் பார்த்துவிடுங்கள். எந்த வளைவில் கரை நகர்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், இருக்கிற பேட்டரி அந்த ஒரு வளைவுக்குப் போதும்.